திகாம் பத்துவில் எனக்கு மட்டும் பெய்த மழை

மழை பெய்யாத இடத்தில் மழை பெய்ததாக ஊருக்கெல்லாம் அறிவித்தவன் நான். சும்மா வாய்வார்த்தையாக இல்லை. எங்கள் கெடா வட்டாரத் தமிழர்கள் பாதிப் பேர் இருக்கும் வாட்சாப் குழுவில், கும்பிடும் கைகள், குடை, சிரிக்கும் தவளை என்று படங்களோடு அறிவித்தேன்.

"திகாம் பத்து மிளகாய்த் திட்டத்தில் இன்றும் நல்ல மழை. இயற்கைக்கு நன்றி."

இதை எழுதியபோது நான் பக்கத்து ஊரான சுங்கைப் பட்டாணியில் ஒரு கோப்பிக் கடையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். வெளியே வெயிலில் நின்ற என் காடியின் ஸ்டியரிங்கைத் தொட்டால் விரலில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். சீனப் பெருநாள் முடிந்து, ஆகாயம் வெள்ளிப் பாத்திரத்தைக் கவிழ்த்தது போல இருந்த நாள்கள் அவை.

குருணில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் முதலில் பதில் போட்டார். "எங்களுக்கும் கொஞ்சம் அனுப்பி வையுங்கள்." அதைக் கிண்டல் என்று புரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை. "முயற்சி செய்கிறேன்" என்று பதில் எழுதினேன்.

அந்த மழையை நான் கண்ணால் பார்க்கவில்லை, கைப்பேசியில் படித்தேன். படித்ததை நம்பியதற்கு வலுவான காரணம் இருந்தது. அந்த வாக்கியத்தை எழுதியவனே நான்தான்.

நிபுணன் ஆனது எப்படி

போன வாரம் இந்தத் தொடரைப் படித்த வாசகி ஒருவர், "உங்களுக்கு நிஜமாகவே என்ன வேலை?" என்று கேட்டிருந்தார். என் மனைவியும் இதைப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மொழிபெயர்ப்பு என்று சொல்லிவருகிறேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், லிப்டுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை, யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் உறுதிமொழி, இவற்றில் தமிழ்ப் பகுதி இருந்தால் அது நானாக இருக்கலாம்.

அப்படித்தான் விவசாயம் தொடர்பான ஓர் இலாகாவிலிருந்து ஒரு கையேடு வந்தது. தானியங்கிச் சொட்டு நீர்ப் பாசனம். கறுப்புப் பையில் தேங்காய் நார்த் தூளைப் போட்டு, அதில் மிளகாய்ச் செடியை நட்டு, பைக்கு ஒரு மெல்லிய குழாய் விட்டால், உரம் கலந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். எப்போது இறங்க வேண்டும் என்று ஒரு பெட்டி முடிவு செய்யும்.

அந்தப் பெட்டிக்கு ஒரு கண் உண்டு. கம்பத்தின் உச்சியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தட்டு. அதன்மேல் மழைத்துளி விழுந்தால் பெட்டிக்குத் தெரிந்துவிடும். காலையில் மழை என்றால் அன்றைக்கு முழுவதும் பம்பை ஓட்டாது. உடனே ஆலோசகரின் கைப்பேசிக்கும், இலாகாவின் திரைக்கும் செய்தி போகும்: "மழை கண்டறியப்பட்டது. இன்று பாசனம் தேவையில்லை."

'கண்டறியப்பட்டது' என்ற சொல்லுக்காக நான் ஒரு பிற்பகல் முழுக்க யோசித்திருக்கிறேன்.

கையேட்டை முடித்துக் கொடுத்த அன்றே அதிகாரி ஹஷிம் என் தோளில் கை போட்டு, தமிழர்கள் இருக்கும் இடங்களுக்கு நீங்களே ஆலோசகர் என்று சொல்லிவிட்டார். மொத்தக் கையேட்டையும் படித்து முடித்த ஒரே மனிதன் நான்தான் என்பது அவர் வாதம். அதில் உண்மை இருந்தது. நான் வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்றைக்கூடப் பிழைக்க வைத்ததில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. என் மனைவி அன்று ஊரில் இல்லை.

எங்கள் பக்கத்துக்குத் திட்டங்கள் தாராளமாக வரும், தண்ணீர்தான் வராது. முயல் வளர்ப்பு வந்தது. சிமெண்டுத் தொட்டியில் கெலி என்ற கெளுத்தி மீன் வந்தது. காளான் குடில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு டீ-சட்டை, ஒரு தொப்பி, ஒரு திறப்பு விழா. என் அலமாரியைத் திறந்தால் கெடாவின் வேளாண் புரட்சிகள் எல்லாம் நிறம் நிறமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். காளான் புரட்சியால் இப்போது காடியைத் துடைக்கிறேன்.

கோடை வந்தால் நிலைமை வேறு. அணைத் தண்ணீர் முதலில் நெல்லுக்கு. அப்புறம் தொழிற்சாலைக்கு. அப்புறம் தாமான் குடியிருப்புகளின் வீட்டுக் குழாய்கள் கொஞ்சம் இருமிவிட்டு அடங்கும். பழைய ரப்பர் தோட்டத்தின் மிச்சத் துண்டு நிலத்தில் மிளகாய் நட்டவர்கள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டால், ஹஷிம் தொண்டையைச் செருமி, "லோரி இருக்கிறது" என்பார். அப்போது பம்புத் தொட்டியை நிரப்புவது தண்ணீர் லோரிதான்; எந்த நிலத்துக்கு அது போக வேண்டும் என்பதை இலாகாவின் திரை சொல்லும்.

பிலோமினா

திகாம் பத்துவில் அந்தத் துண்டு நிலங்களில் ஒன்றை எடுத்தவர் பிலோமினா. கூலிம் தொழிற்சாலையில் பல வருடம் ஷிப்டு வேலை பார்த்தவர். விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸில் ஏறி, அதே பஸ்ஸில் தூங்கி வழிந்து திரும்பியவர். ஒருநாள் தொழிற்சாலை வேறு ஒரு நாட்டுக்குக் குடிபோய்விட்டது. பஸ்ஸும் வரவில்லை. அந்த வயதில் வேறு தொழிற்சாலைகள் கழிப்பறை கழுவத்தான் கூப்பிட்டன.

"இனிமே எவன் பஸ்ஸுக்கும் நான் நிக்க மாட்டேண்ணே," என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். "இந்த நெலம் என் கையில நிக்கணும். அவ்வளவுதான்."

நிற்பதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. முதல் விளைச்சல் பொய்த்துவிட்டால் நிலம் காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். இன்னொன்றும் இருந்தது. தண்ணீரை வீணாக்கக்கூடாது என்பதற்காகக் கையால் திறக்கும் வால்வைக் கம்பி போட்டு முடிந்து, ஈயத்தில் முத்திரை குத்தி வைத்திருந்தார்கள். முத்திரையை உடைத்தாலும் நிலம் போய்விடும். எல்லாவற்றையும் பெட்டி பார்த்துக்கொள்ளும். நீங்கள் பெட்டியை நம்பினால் போதும்.

இந்த இரண்டு விதிகளையும் தமிழில் அழகாக எழுதியவனும் நானே.

ஒரு நாத்திகன் நடத்திய பூஜை

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் கட்டுரைகளில் நம்பிக்கை உண்டு. புதிய கருவிகள் கிராமங்களில் தோற்றுப்போவதற்குக் காரணம் மக்கள் அவற்றைத் தங்களுடையதாக உணராததுதான் என்று எங்கோ படித்திருந்தேன். மக்கள் எதைத் தங்களுடையதாக உணர்கிறார்கள்? புது மோட்டார் வாங்கினால் எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து நசுக்குகிறார்கள். அப்படியென்றால் பம்புக்கும் பூஜை போட வேண்டியதுதான்.

தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரியைக் கூப்பிட்டேன். அவர் பம்புக்குச் சந்தனம் வைத்தார், பெட்டிக்குக் குங்குமம் வைத்தார், தேங்காயைச் சிமெண்டுத் திண்டில் உடைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார்.

"மேல இருக்கே, அது என்னா?"

"அதுதான் தலை," என்றேன். தலை என்று சொன்னபிறகு பூசாரி விடுவாரா? ஏணி வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டது நான். தட்டு முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் பொட்டு வைத்து, கம்பத்துக்குச் சாமந்தி மாலையும் போட்டாயிற்று. ஹஷிம் பல கோணங்களில் படம் எடுத்து, "பாகுஸ், பாகுஸ்" என்று பாராட்டினார்.

இறங்கி வந்த பூசாரி, முதல் காய் பறிக்கும் வரைக்கும் தினம் காலையில் தலைக்கு மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

பிலோமினா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அண்ணே, நான் மாதா கோயிலுக்குப் போற ஆளு."

"இது மதம் இல்லம்மா, கலாசாரம்."

"தண்ணி தெளிச்சா செடி நல்லா வருமா?"

"செடிக்காக இல்ல. சமூகப் பங்கேற்புக்காக."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி லா. நீங்க படிச்சவரு, சொல்றீங்க," என்றார்.

தொழிற்சாலையில் பழகிய கை. செய் என்று சொன்னால் ஒருநாள்கூடத் தவறாது. சிறு சாரல்கள் இருந்த வருடக் கடைசியில் இதனால் எந்தச் சேதமும் தெரியவில்லை. வானமும் பெய்தது, பிலோமினாவும் பெய்தார். அப்புறம் வானம் மட்டும் நிறுத்திக்கொண்டது.

பரம்பரைத் தொழில்

மழையை அறிவிப்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல. என் அப்பா ரப்பர் தோட்டத்துக் கிராணி, ஆள் கணக்கு எழுதுபவர். விடியலில் மழை தூறினால் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் வெட்ட முடியாது, பால் கோப்பையில் தண்ணீர் விழுந்துவிடும். ஆகவே காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்கும் ஆள்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் மழை என்றால் மழை.

ஒருமுறை அவர் "இன்னைக்கு வெட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பசியாற உட்கார, வெயில் சுள்ளென்று அடித்தது. தோட்டமே வேலையில்லாமல் வெயிலில் உட்கார்ந்து எங்கள் வீட்டைப் பார்த்தது. அப்பா ஜன்னலைச் சாத்திக்கொண்டு, "மேகம் இருந்துச்சு, நான் பார்த்தேன்" என்று தோசையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் மேகத்தையாவது பார்த்தார்.

தலைமேல் மழை

பிலோமினா என்னை அழைத்த அன்றும் அதே கோப்பிக் கடைதான்.

"அண்ணே, செடி வாடுது."

"இருக்காதேம்மா. இன்னைக்குக் காலையிலயும் மழைன்னு வந்திருக்கே."

"எங்க?"

"உங்க நெலத்துலதான்."

"நான் நெலத்துலதான் நிக்கிறேண்ணே."

"எந்தப் பக்கம்?"

"பம்பு ஓடவே இல்லண்ணே. பல நாளா ஓடல."

"மழை பெஞ்சா ஓடாது. அதுக்குத்தான அத வச்சிருக்கு."

"மழை பெய்யல."

நான் பொறுமையாக விளக்கினேன். நம்ம கெடா மழையைத் தெரியாதா? ரோட்டுக்கு இந்தப் பக்கம் கொட்டும், அந்தப் பக்கம் துணி காயும். விடியலில் ஒரு தூறல் போட்டுப் போயிருக்கும், நீங்கள் தூங்கியிருப்பீர்கள்.

"ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் போய்ப் பாத்துட்டேன்," என்றார் பிலோமினா. "இருங்க, படம் அனுப்புறேன்."

படம் வந்தது. நீல வானம். கீழே வெந்து கிடந்த செம்மண். நான் விரல்களால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். மூலையில் வெளிறிய திட்டு ஒன்று தென்பட்டது. எனக்கு உயிர் வந்தது.

"மேகம் தெரியுதே," என்று எழுதினேன்.

"அது என் வெரலு," என்று பதில் வந்தது.

அப்போதாவது நான் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. கைப்பேசியில் என் தமிழ் இருந்தது, அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் விரல் மட்டும்தான் இருந்தது. எதை நம்புவது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

குறைந்த நீர், நிறைந்த புகழ்

அந்த வாரமே ஹஷிம் அழைத்தார். குரலில் கல்யாணக் களை. வட்டாரத்திலேயே மிகக் குறைவாகத் தண்ணீர் செலவழித்த நிலம் பிலோமினாவுடையது என்று திரை சொல்கிறதாம். மற்ற நிலங்கள் எல்லாம் சிவப்பில், இது ஒன்றுதான் பச்சையில். நீர்ச் சேமிப்பு விருது. அலோர் ஸ்டாரிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் நேரில் வந்து கொடுக்கப்போகிறார். வரவேற்புரையை மூன்று மொழிகளில் நீங்களே எழுத வேண்டும்.

நான் உடனே பிலோமினாவுக்கு நல்ல செய்தி சொன்னேன்.

"அப்ப லோரி வருமா?" என்றார்.

"லோரி சிவப்பு நெலத்துக்குப் போகுதும்மா. உங்களுக்குத் தேவையில்லன்னு போட்டிருக்காங்க."

"எனக்கு விருது."

"ஆமா."

"அத ஊத்துனா செடி பொழைக்குமா?"

எனக்கு அந்த வாக்கியம் பிடித்திருந்தது. வரவேற்புரையில் வேறு எங்காவது பயன்படுமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

டத்தோ வருகிற நாளன்று காலையில், பேச்சைப் பையில் போட்டுக்கொண்டு, விழாவுக்குக் கொஞ்சம் முன்னதாகவே திகாம் பத்துவுக்குப் போனேன். தோட்டத்து மண்சாலையில் எனக்கு முன்னால் ஒரு மோட்டார் தள்ளாடிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் தண்ணீர் நிரப்பிய சமையல் எண்ணெய்த் தோம்புகள், கால்களுக்கு நடுவில் இன்னொன்று. பிலோமினா. வீட்டுக் குழாயில் முறை வைத்து வரும் தண்ணீரைப் பிடித்து, குளிப்பதைக் குறைத்துக்கொண்டு, இப்படித்தான் பல நாள்களாகச் சுமந்திருக்கிறார்.

செடிகளைப் பார்த்தேன். கீழ் இலைகள் உதிர்ந்து, மேல் இலைகள் சுருண்டு தொங்கின. பின் வரிசையில் பாதி கம்பாகவே நின்றது. காய்கள் இருந்தன, ஆனால் எல்லாம் கட்டை விரலுக்கும் குட்டையாக, முறுக்கிக்கொண்டு. தொட்டால் இலை அப்பளம் போல நொறுங்கியது.

"செத்துப்போச்சுன்னா நெலத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க, இல்லண்ணே?" என்றார். ஒரு நிபுணன் அந்த நேரத்தில் என்ன செய்வானோ அதைச் செய்தேன். பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினேன்.

"நீங்க தட்டிக்கிட்டிருங்க, ஒரு வேலை பாக்கி இருக்கு," என்று பிலோமினா போனார். ஒரு சொம்பும் மாவிலைக் கொத்தும் எடுத்து வந்தார். பக்தி சிரத்தையாக, அண்ணாந்து கம்பத்தின் தலையில் மஞ்சள் தண்ணீரை வீசித் தெளித்தார்.

என் சட்டைப் பையில் கைப்பேசி இனிமையாக ஒலித்தது.

எடுத்துப் பார்த்தேன். மழை கண்டறியப்பட்டது. இன்று பாசனம் தேவையில்லை.

பிலோமினா அதைக் கவனிக்கவில்லை. பாவாடைப் பையிலிருந்து மாதா உருவத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியை எடுத்து, மூடியைத் திறந்து, அழுத்தி, அதிலிருந்தும் தட்டின்மேல் கொஞ்சம் பீய்ச்சினார்.

"இது என்ன?" என்றேன்.

"கோயில் தீர்த்தம். தெனமும் ஒரு பக்கத்த மட்டும் கூப்பிட்டா நல்லாருக்காது பாருங்க."

கைப்பேசி மறுபடியும் ஒலித்தது. மழை தொடர்கிறது.

நான் திரையை அவரிடம் நீட்டினேன். படித்தார். கம்பத்தைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். வெறும் பை ஒன்றின்மேல் மெல்ல உட்கார்ந்தார். இரண்டு மதங்களும் கைகோத்து, வேலை செய்வதில் துளியும் குறையில்லாத ஒரு கருவியைத் தினமும் ஏமாற்றியிருக்கின்றன.

"தெளிக்கச் சொன்னது யாரு?" என்றார்.

"பூசாரி."

"பூசாரியக் கூட்டியாந்தது யாரு?"

நான் மிளகாய்ச் செடிகளைப் பார்த்தேன். அவையும் என்னைப் பார்க்க விரும்பவில்லை.

டத்தோவின் குடை

ஹஷிம் வந்து சேர்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். செய்தி வெளியே போனால் அவருடைய திரை, அவருடைய பச்சை நிறம், போன மாதம் அவர் எழுதிய அறிக்கை எல்லாம் போய்விடும்.

நாங்கள் இரண்டு படித்தவர்களும் சேர்ந்து நல்ல யோசனை ஒன்றைக் கண்டுபிடித்தோம். பக்கத்து நிலத்தில் தெம்பாக இருக்கும் பைகளைத் தூக்கி வந்து முன் வரிசையில் வைப்பது. டத்தோ முன் வரிசைக்கு அப்பால் நடக்க மாட்டார், சப்பாத்து அழுக்காகும். விருது வாங்கியபின் ஓசைப்படாமல் லோரியை வரவழைப்பது.

"சத்து ஹாரி சாஜா, புவான்," என்று ஹஷிம் பிலோமினாவிடம் கெஞ்சினார். ஒரே ஒரு நாள், அம்மா.

"லோரி எப்ப வரும்?"

அடுத்த மாதப் பட்டியலில் கட்டாயம் சேர்க்கிறேன் என்றார் ஹஷிம். பிலோமினா பின் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மனிதர்களின் மௌனத்தை மொழிபெயர்ப்பதில் நான் எப்போதுமே மோசம்.

டத்தோ வந்தார். கூடவே படம் எடுப்பவர்கள், மாலை, நாற்காலிகள், குடையை மடித்துப் பிடித்தபடி ஓர் உதவியாளர். என் வரவேற்புரையின் மலாய்ப் பகுதிக்கே அவருக்கு வியர்த்துவிட்டது. தமிழ்ப் பகுதியை நானே கருணையோடு விழுங்கிவிட்டேன்.

அவர் பிலோமினாவிடம் சிரித்தபடி கேட்டார். "அபா ரஹ்சியா, புவான்?" இவ்வளவு குறைந்த தண்ணீரில் எப்படிச் சமாளித்தீர்கள், ரகசியம் என்ன?

"தாக் அடா ரஹ்சியா, டத்தோ," ரகசியம் ஒன்றுமில்லை என்றார் பிலோமினா. "தண்ணியே விடல. மெசின் மழைன்னு நெனச்சுக்கிச்சு." பாதி மலாயும் பாதி தமிழுமாகச் சொன்னது என்னை நோக்கி வந்து நின்றது. எல்லாரும் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்தார்கள்.

நான் தொண்டையைச் சரிசெய்தேன். "புவான் சொல்வது என்னவென்றால், இயற்கையின் துணையோடு..."

"அப்படிச் சொல்லலண்ணே," என்றார் பிலோமினா.

சொம்பை எடுத்தார். யாரும் தடுப்பதற்கு முன் கம்பத்துக்குப் போய், தலையில் ஒரு வீச்சு வீசினார். என் பையில் கைப்பேசி ஒலித்தது. ஹஷிமின் கைப்பேசி ஒலித்தது. டத்தோ பார்ப்பதற்காக நாற்காலிமேல் கொண்டுவந்து வைத்திருந்த பெரிய திரையும் ஒலித்தது. மழை கண்டறியப்பட்டது என்று மூன்று மொழிகளிலும் எழுத்துகள் ஓடின.

கூட்டம் முழுக்க அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. உச்சி வெயில். ஒரு பறவைகூட இல்லை. டத்தோ உள்ளங்கையை விரித்து நீட்டிச் சோதித்தார். அவருடைய உதவியாளர், பழக்கதோஷம், குடையை விரித்துவிட்டார்.



பிறகு பிலோமினா டத்தோவைப் பின் வரிசைக்கு நடத்திக்கொண்டு போனார். சப்பாத்து அழுக்கானது. டத்தோ காய்ந்த செடி ஒன்றைக் குனிந்து தொட்டார். அது அவர் விரலில் உதிர்ந்தது. "லோரி," என்று மட்டும் ஹஷிமைப் பார்த்துச் சொன்னார். படம் எடுப்பவர்கள் இருந்தார்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பிறகு

அன்று மாலையே லோரி வந்தது. தட்டைத் துடைத்தோம். மறுநாள் காலை பம்பு ஓடியது. பின் வரிசை பிழைக்கவில்லை. மற்றவை மெல்ல மெல்லத் தலை தூக்கின.

வால்வின் முத்திரையை எடுக்க வேண்டும் என்று பிலோமினா மனு கொடுத்தார். மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இன்னும் பரிசீலிக்கிறார்கள். இதற்கிடையில் ஒருநாள் ஹஷிம் காடியை நிறுத்தி, இடுக்கியால் கம்பியை வெட்டிப்போட்டுவிட்டு, "சாயா தாக் நம்பாக்" என்று சொல்லிப் போயிருக்கிறார். 'நான் பார்க்கவில்லை' என்பது அவர் கொள்கை. எனக்குத் தெரிந்து எங்கள் வட்டாரத்தில் அமலுக்கு வந்த ஒரே சீர்திருத்தம் அதுதான்.

விருதின் கதி என்ன என்று கேட்பீர்கள். கொடுத்துவிட்டார்கள். ஏற்கெனவே அச்சடித்தாயிற்று. தண்ணீரைச் சேமித்ததும் பொய்யில்லையே.

விளைச்சலைப் பரிசோதிக்கும் நாள் வந்தபோது, செத்த செடிகளைக் கணக்கிட்டால் பிலோமினாவின் நிலம் கைமாறியிருக்க வேண்டும். ஆனால் டத்தோ கையால் விருது வாங்கிய நிலத்தைத் தோல்வி என்று எழுத எந்த அதிகாரிக்கும் பேனா நகராது. வெற்றி என்று எழுதினார்கள். நிலம் அவர் பெயரிலேயே நின்றது.

இந்தச் செய்தி கேட்டு நான் மகிழ்ச்சியோடு திகாம் பத்துவுக்குப் போனேன். பிலோமினா பறித்த காய்களை நெகிழிப் பையில் நிரப்பி, வாயை முடிந்துகொண்டிருந்தார். தண்ணீர் காணாமல் வளர்ந்த மிளகாய்க்குக் காரம் அதிகமாம், குருண் பாசாரில் காய்கறி விற்பவர் கேட்டு வாங்குகிறாராம். எனக்கும் ஒரு பை கொடுத்தார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. லேசான மனசோடு நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது.

"யோசிச்சுப் பாத்தா ஒண்ணு தெரியுதும்மா," என்றேன். "நான் அந்தப் பூஜைய வைக்கலன்னா பெட்டி மழைன்னு சொல்லியிருக்காது. மழைன்னு சொல்லலன்னா விருது இல்ல. விருது இல்லன்னா இன்னைக்கு இந்த நெலம் உங்க கையில இல்ல."

பிலோமினா முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ண விட்டுட்டீங்கண்ணே. நீங்க வரலன்னா செடியே வாடியிருக்காது."